'ஓவர் கரண்ட்' என்பது நோயின் பெயர் இல்லை

மோட்டார் டிரைவ் வாங்கினால் கூடவே ஒரு தடித்த கையேடு வரும். அதன் கடைசிப் பக்கங்களில் கோளாறு அட்டவணை இருக்கும். இடப்பக்கம் ஓர் எண், நடுவில் ஒரு பெயர், வலப்பக்கம் 'இதைச் சரிபார்க்கவும்' என்று இரண்டு மூன்று வரி. தொழிற்சாலைகளில் மறுபடி மறுபடி புரட்டப்படுவது அந்தப் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள்தான். எண்ணெய்க் கைரேகை படிந்து, முனை மடிந்து கிடக்கும். முன்பக்கங்கள் வாங்கிய நாளில் இருந்த மாதிரியே புத்தம்புதிதாக இருக்கும்.

இந்தப் பத்துப் பக்கத்தை ஒரு எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு விமர்சிக்கலாம் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை வருகிறது, சினிமாவுக்கு வருகிறது. ஒரு வரியைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஒரு வாரக் கூலி போகும், சமயத்தில் உயிரே போகும் என்கிற எழுத்துக்கு மட்டும் வருவதில்லை. என் குறை ஒன்றுதான். இந்த அட்டவணைகள், டிரைவ் எதைக் கவனித்தது என்பதைச் சொல்லிவிட்டு, ஏன் நடந்தது என்பதைச் சொல்லிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்கின்றன.

விருத்தாசலத்தை வைத்தே எழுதுகிறேன். டிரைவ் கையேட்டைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. செராமிக் தொழிற்பேட்டைக்குள் ஒரு சின்ன யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரத்தில் பால் மில் சுற்றுகிறது. அதற்குள் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், தண்ணீர், கூழாங்கல். பக்கத்தில் பிளஞ்சர் என்கிற கலக்கும் தொட்டி, அதற்கடுத்து ஃபில்டர் பிரஸ், பிறகு பக் மில். கொஞ்சம் தள்ளிச் சூளையும் அதன் காற்றாடிகளும். அதாவது ஒரே கூரைக்கு அடியில் தண்ணீர், தூசி, சூடு மூன்றும் உண்டு. எலக்ட்ரானிக் சாமானுக்கு ஆகாத மூன்றும் அவைதான். இதற்கு மேல் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலும், ஐப்பசி கார்த்திகை மழையும்.

டிரைவ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: அது மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டி. வரும் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மின்சாரத்தை முதலில் டி.சி.யாக மாற்றிப் பெரிய கெப்பாசிட்டர்களில் தேக்கும். அந்தத் தேக்கத்தில் ஏறக்குறைய 560 முதல் 590 வோல்ட் வரை நிற்கும். பிறகு ஐ.ஜி.பி.டி. என்கிற ஆறு எலக்ட்ரானிக் சுவிட்சுகள் அந்த டி.சி.யை நொடிக்குச் சில ஆயிரம் தடவை வெட்டி, வேண்டிய அதிர்வெண்ணில் மறுபடி மூன்று ஃபேஸாக மோட்டாருக்கு அனுப்பும். இந்தப் பெட்டிக்குத் தெரிந்த உலகம் ரொம்பச் சின்னது. தன் டி.சி. வோல்ட்டேஜ் தெரியும், வெளியே போகும் கரண்ட் தெரியும், தன் உடம்புச் சூடு தெரியும். பால் மில்லுக்குள் சேறு இறுகிக் கிடப்பதோ, டெர்மினல் பாக்ஸின் ரப்பர் வாஷர் காணாமல் போனதோ, பக்கத்து யூனிட்காரர் என்ன ஓட்டுகிறார் என்பதோ அதற்குத் தெரியாது. அது கொடுப்பது சாட்சி வாக்குமூலம். கையேடு அதையே தீர்ப்பாக அச்சடித்து வைத்திருக்கிறது.

ஒரே கோளாறு ஆளுக்கொரு பெயரில் வருவதிலேயே இது தெரிந்துவிடும். மோட்டார் கேபிள் எர்த்தில் தட்டுகிறது என்று வையுங்கள். ஏ.பி.பி.யின் ஏ.சி.எஸ். 550 டிரைவில் இது 16-ஆம் எண், 'எர்த் ஃபால்ட்'. டான்ஃபாஸில் அலாரம் 14. சீமென்ஸின் மைக்ரோமாஸ்டர் 440-இல் சின்ன ஃபிரேம் என்றால் எஃப்0001, அதாவது வெறும் 'ஓவர் கரண்ட்'. அதே 440 குடும்பத்தில் மூன்று கரண்ட் சென்சார் வைத்த பெரிய ஃபிரேம் என்றால் எஃப்0021 என்று தனியாக வரும். வெளியே நடந்தது ஒன்றேதான். பெட்டிக்குள் எத்தனை சென்சார் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. ஓவர் கரண்ட் என்று படித்துவிட்டு லோடைக் குறைக்கப் போகிறவர் பாவம், அன்றைக்குப் பூராவும் பக் மில்லின் கியரைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

ஓவர் வோல்ட்டேஜை எடுத்துக்கொள்வோம். இந்த அட்டவணைகளில் எனக்கு ரொம்பக் கோபம் வரும் இடம் இது. பெரும்பாலான கையேடுகளில் இதற்கு மூன்று காரணம் போட்டிருக்கும்: வரும் வோல்ட்டேஜ் அதிகம், வேகம் குறைக்கும் நேரம் போதவில்லை, பிரேக் ரெசிஸ்டர் போதவில்லை. மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றும் ஒரே எழுத்தளவில், ஒரே வரிசையில், எது எப்போது என்று ஒரு வார்த்தை இல்லாமல் நிற்கும். படிப்பவர் என்ன செய்வார்? கைக்கு எட்டுவதைச் செய்வார். பாராமீட்டரில் வேகம் குறைக்கும் நேரத்தைக் கூட்டுவார். 10 நொடியை 30 ஆக்குவார், பிறகு 60.

பால் மில்லை நிறுத்தும்போது டிரிப் ஆகிறதென்றால் அது சரியான மருந்து. கனமான உருளை, உள்ளே ஒரு பக்கமாக ஏறி நிற்கும் சுமை; வேகத்தைச் சட்டென்று குறைத்தால் மோட்டார் ஜெனரேட்டராகி, கரண்டைத் திருப்பி அனுப்பும், டி.சி. வோல்ட்டேஜ் எகிறும். சொல்லப்போனால் பால் மில்லுக்கு அந்த மருந்துகூடத் தேவையில்லை. டிரைவ் இழுத்து நிறுத்தாமல், மில் தானாகச் சுற்றி நிற்கும்படி விட்டாலே போதும். பால் மில் எத்தனை நொடியில் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் மில் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த டிரிப் வந்தால்? அல்லது மோட்டார் ஓடாமல், டிரைவுக்கு மின்சாரம் மட்டும் இருக்கும்போது வந்தால்? நிற்கிற மோட்டாரால் எதையும் திருப்பி அனுப்ப முடியாது. அப்படியானால் வோல்ட்டேஜ் லைனிலிருந்துதான் வந்திருக்கிறது. இந்த ஒரு வரி, 'மோட்டார் நிற்கும்போது வந்தால் மோட்டாரை மறந்துவிடு' என்று, அட்டவணையில் இருந்திருந்தால் எத்தனை பேரின் எத்தனை நாள் மிச்சமாகியிருக்கும்!

லைனிலிருந்து வந்தது என்றதும் 'ராத்திரியில ஹை வோல்ட்டேஜுங்க' என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 415 வோல்ட்டின் உச்சம் 587. ராத்திரி லோடு குறைந்து 460 ஆனாலும் உச்சம் 650 தான். இந்த வகை டிரைவ்கள் டிரிப் ஆவது 800-ஐத் தாண்டித்தான். ஆக, ஹை வோல்ட்டேஜ் மட்டும் அந்த எல்லையைத் தொடாது. எல்லைக்கு இருக்கும் இடைவெளியைத்தான் குறைக்கும். மீதியைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் பவர் ஃபேக்டருக்காக வைத்த கெப்பாசிட்டர் பேங்க். அதை ஆன் செய்யும் கணத்தில் லைனில் ஒரு துள்ளல் வரும், அது டிரைவுக்குள் ஏறும். சின்ன டிரைவ்களில் டி.சி. தேக்கமும் சின்னது என்பதால் அவைதான் முதலில் விழும். மருந்து, டிரைவுக்கு முன்னால் ஒரு லைன் சோக். பாராமீட்டரில் எந்த எண்ணை மாற்றினாலும் இது சரியாகாது. ஒரு யூனிட்டில் ஆபரேட்டர் என்னிடம் சொன்னது: "பக்கத்து கம்பெனில சங்கு ஊதினதும் நம்ம மிஷின் டிரிப் அடிக்கும் சார்." சங்கு ஊதினால் அங்கே ஷிஃப்ட் தொடங்கும், கெப்பாசிட்டர் உள்ளே வரும். முழு நோயும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. டிரைவின் திரையில் இருந்ததோ நான்கு எழுத்து.

கெப்பாசிட்டர் என்றதும் இன்னொன்று. பவர் ஃபேக்டர் குறைந்தால் மின் கட்டணத்தில் தண்டம் விழும் என்பதால், டிரைவ் வருவதற்கு முன் பல யூனிட்களில் மோட்டார் டெர்மினலிலேயே கெப்பாசிட்டரைக் கட்டியிருப்பார்கள். ஸ்டார்ட்டர் இருந்த காலத்தில் அது சரி. பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றி டிரைவ் வைப்பார்கள், மோட்டாரடியில் இருக்கும் கெப்பாசிட்டரை யாரும் கழற்ற மாட்டார்கள். டிரைவ் அனுப்பும் வெட்டுத்துண்டு வோல்ட்டேஜுக்குக் கெப்பாசிட்டர் ஏறக்குறைய ஷார்ட் சர்க்யூட் மாதிரி. ஆன் செய்ததும் ஓவர் கரண்ட். விதி கெட்டால் ஐ.ஜி.பி.டி.யே போய்விடும். இதைச் செய்யாதே என்று கையேட்டில் இல்லையா? இருக்கிறது. தெளிவாகவே இருக்கிறது, பொருத்துவது எப்படி என்ற அத்தியாயத்தில். டிரிப் ஆனபின் படிக்கிற அத்தியாயத்தில் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருநூறு பக்கம். ஒரே புத்தகத்தின் இரண்டு அத்தியாயங்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பது நாவலில் இருந்தால் விமர்சகர்கள் விடுவார்களா?

அடுத்தது பால் மில் காலையில் கிளம்ப மறுப்பது. ராத்திரி பூரா நின்ற மில்லில் சேறு அடியில் படிந்து இறுகிவிடும். காலையில் ஸ்டார்ட் கொடுத்தால் ஓவர் கரண்ட். அட்டவணை சொல்லும், 'வேகம் ஏறும் நேரத்தைக் கூட்டு'. இந்த அறிவுரை சூளைக் காற்றாடிக்குப் பொருந்தும். அங்கே பிரச்சினை கனமான சக்கரத்துக்கு வேகம் ஏற்றுவது. இறுகிய மில்லில் பிரச்சினை முதல் அசைவு. அதற்கு வேண்டிய விசை, நேரத்தைக் கூட்டினால் குறையாது. நேரத்தைக் கூட்டினால் மோட்டார் 2 ஹெர்ட்ஸ், 3 ஹெர்ட்ஸ் என்று முக்கிக்கொண்டே அதிக கரண்டில் இன்னும் ரொம்ப நேரம் நிற்கும். வேண்டியது தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதல் வோல்ட்டேஜ் கொடுக்கும் பூஸ்ட், அல்லது வெக்டார் கட்டுப்பாடு. அதற்கும் முன்னால், நிறுத்தி வைத்த மில்லை ராத்திரியில் அவ்வப்போது நாலு சுற்று சுற்றிவிடுவது. கடைசியில் சொன்னது எந்த எலக்ட்ரிகல் புத்தகத்திலும் வராது. பழைய மில் ஆட்களுக்கு அது தானாகத் தெரியும்.

மழைக்காலம் எர்த் ஃபால்ட்டின் காலம். சேறு கலக்கும் கொட்டகையில் எப்போதும் தண்ணீர், தினமும் தரையைக் கழுவுவார்கள். டெர்மினல் பாக்ஸில் கிளாண்ட் இல்லாத துளை ஒன்று இருந்தால் போதும், ஈரமும் களிமண் தூசியும் உள்ளே சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வாரம் பூரா ஓடும், மோட்டார் தன் சூட்டிலேயே உலர்ந்துகொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு. திங்கட்கிழமை காலை முதல் ஸ்டார்ட்டில் டிரிப். நாலு தடவை ரீசெட் போட்டால் ஓடிவிடும், அன்றோடு மறந்துவிடுவார்கள். ஒரு நாள் ஓடாது. மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்கு அனுப்புவார்கள். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது காய்ந்திருக்கும். கடைக்காரர் மெகர் போட்டுப் பார்த்துவிட்டு "மோட்டார் நல்லாத்தாண்ணே இருக்கு" என்பார். அப்புறம் பழி டிரைவின் மேல் விழும். புது டிரைவ் வரும். அடுத்த மழையில் புது டிரைவும் அதையே சொல்லும்.

இங்கே அட்டவணை தருவது 'மோட்டாரையும் கேபிளையும் சரிபார்க்கவும்' என்ற வரி. எப்படி, எந்த நிலையில், எந்த எண் வந்தால் சரி என்று இல்லை. மெகர் போட வேண்டும். ஆனால் டிரைவின் வெளியீட்டு முனைகளிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். 500 வோல்ட் மெகரை டிரைவோடு சேர்த்து அடித்தால் நல்ல டிரைவையும் நாமே கொன்றுவிடுவோம். மோட்டாரை அது கிடக்கிற இடத்திலேயே, ஈரமாக, ஸ்டார்ட் கொடுப்பதற்கு முன்னால் சோதிக்க வேண்டும். இந்த மாதிரிச் சின்ன மோட்டார்களுக்கு 5 மெகா ஓம் இருக்க வேண்டும் என்கிறது ஐ.இ.இ.இ. 43 என்ற தரநிலை. நம் எலக்ட்ரீஷியன்கள் 1 மெகா ஓம் வந்தால் 'பரவாயில்ல, ஓடும்' என்பார்கள். அது பழைய காலத்து அளவு. ஸ்டார்ட்டரில் ஓடிய மோட்டாருக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். டிரைவ் அனுப்பும் செங்குத்தான துடிப்புகள், கேபிள் நீளமாக இருந்தால், மோட்டார் முனையில் எதிரொலித்துக் கிட்டத்தட்ட இரட்டிப்பு வோல்ட்டேஜாக அடிக்கும். மூன்று தடவை ரீவைண்ட் ஆன மோட்டார் அதை எத்தனை நாள் தாங்கும்?

சூட்டுக் கோளாறைப் பற்றிச் சுருக்கமாக: ஹீட் சிங்க் முழுக்க வெள்ளை மாவு அடைத்திருக்கும், ஊதிவிட வேண்டும். காற்றாடி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏ.சி.எஸ். 550 மாதிரி டிரைவ்களில் 40 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதம் திறன் குறையும். சூளைக்குப் பக்கத்துச் சுவரில் பேனலை மாட்டியவரைத்தான் கேட்க வேண்டும், டிரைவைக் கேட்டுப் பயனில்லை.

இதுவரை குறையாகச் சொன்னேன். கையேட்டில் நல்ல எழுத்தே இல்லையா என்றால், இருக்கிறது. தப்பான இடத்தில் இருக்கிறது. அதே ஏ.சி.எஸ். 550-இல் 04 என்ற பாராமீட்டர் தொகுதியைப் போய்ப் பாருங்கள். 0401 கடைசிக் கோளாறு. 0404 அந்தக் கணத்தில் வேகம், 0405 அதிர்வெண், 0406 டி.சி. வோல்ட்டேஜ், 0407 கரண்ட், 0408 டார்க். டிரைவ் விழுந்த கணத்தின் புகைப்படம் அது. ஓவர் கரண்ட் என்று மட்டும் தெரிவதும், 'ஓவர் கரண்ட், 2 ஹெர்ட்ஸில்' என்று தெரிவதும் ஒன்றா? முதலாவதை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் சந்தேகிக்கலாம். இரண்டாவது, கிளம்பும்போதே மாட்டிக்கொண்டது என்கிறது. 48 ஹெர்ட்ஸில் என்றால் ஓட்டத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது கேபிள் எங்கோ தட்டுகிறது. நான் பார்த்த பேனல்களில் இந்தத் தொகுதியைத் திறந்து பார்க்கும் பழக்கம் அநேகமாக இல்லை. ஏன் இருக்கும்? கோளாறு அட்டவணையின் ஒவ்வொரு வரியும் 'முதலில் 0404 முதல் 0408 வரை பார்' என்று தொடங்கியிருந்தால் இருந்திருக்கும்.

இதில் கொடுமை ஒன்று உண்டு. அந்த டிரைவ் கடைசிக் கோளாறையும் அதற்கு முந்தைய இரண்டையும்தான் நினைவில் வைத்திருக்கும். புகைப்படம் கடைசிக் கோளாறுக்கு மட்டும். ராத்திரி ஷிஃப்டில் ஆபரேட்டர் ரீசெட் அடித்து ஓட்டப் பார்க்கிறார், மறுபடி டிரிப், மறுபடி ரீசெட். மூன்று தடவை அப்படி ஆனால் முதல் கோளாறு, அதாவது உண்மையானது, அழிந்துபோகும். காலையில் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்போது மிஞ்சியிருப்பது ரீசெட் அடித்ததால் வந்த கோளாறுகள். புதிய மாடல்களில் நினைவாற்றல் அதிகம். ஆனால் நம் ஊர்களில் ஓடுவதெல்லாம் புதிய மாடலா?

மிட்சுபிஷியைப் பாராட்டியாக வேண்டும். அவர்கள் ஓவர் கரண்டை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். வேகம் ஏறும்போது வந்தால் இ.ஓ.சி.1, ஒரே வேகத்தில் ஓடும்போது வந்தால் 2, வேகம் குறையும்போது வந்தால் 3. ஓவர் வோல்ட்டேஜையும் அப்படியே. டெல்டா டிரைவ்களிலும் ஓவர் கரண்டுக்கு இதே பிரிவு, எழுத்துகள் வேறு. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 'எப்போது' என்ற ஒரே கேள்வியைக் கோளாறின் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்று பாதி வேலையை முடித்துவிடுகிறது. அட்டவணையைப் படிக்கத் தெரியாதவர்கூட இ.ஓ.சி.1-க்கும் 2-க்கும் வித்தியாசம் இருக்கிறது என்று கவனிப்பார், முதலாளியிடம் போனில் சொல்லுவார்.

அட்டவணை காரணத்தைத் தராதபோது மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு விருத்தாசலத்திலேயே பழைய சான்று உண்டு. இங்கே செய்கிற மின்சாரப் பீங்கான் சாமான்களில் ஃபியூஸ் கேரியரும் ஒன்று. வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாக இருக்குமே, அது. ஃபியூஸ் எந்த எண்ணையும் காட்டாது, போகும், அவ்வளவுதான். மூன்று தடவை போனால் நம் ஆட்கள் நாலாவது தடவை தடிமனான கம்பியாகப் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஃபியூஸ் போகாது, வேறு ஏதாவது போகும். டிரைவ் காலத்தில் அந்தத் தடிமன் கம்பிக்குப் பெயர் பாராமீட்டர். ஏ.சி.எஸ். 550-இல் 3017 என்று ஒன்று இருக்கிறது. எர்த் ஃபால்ட் பாதுகாப்பை அதில் அணைத்துவிடலாம். 31-ஆம் தொகுதியில் டிரைவ் தானாகவே ரீசெட் ஆகி மறுபடி ஓடும்படி வைக்கலாம். இரண்டுக்கும் நியாயமான தேவைகள் உண்டு. ஆனால் ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று வேலை செய்யும் கொட்டகையில், எர்த் ஃபால்ட் வருகிறது என்பதற்காக 3017-ஐப் பூஜ்யம் ஆக்குவதை என்னவென்று சொல்ல? தானாக ரீசெட் ஆகும் பக் மில்லுக்குள் கையை விட்டு மண் அடைப்பை எடுக்கிறவரை நினைத்துப் பாருங்கள்.

உயிர் பற்றி வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மெயினை அணைத்த பிறகும் டி.சி. தேக்கத்தில் 500 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கையேடுகள் 5 நிமிடம் பொறு என்கின்றன, பெரிய டிரைவ்களுக்கு இன்னும் அதிகம். திரை அணைந்துவிட்டது என்பது சான்று ஆகாது. டி.சி. பிளஸ், மைனஸ் முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். இந்த எச்சரிக்கை எல்லாக் கையேடுகளிலும் முதல் பக்கங்களிலேயே, கட்டம் போட்டு, மின்னல் படத்தோடு இருக்கிறது. பாராட்டலாம். ஆனால் டிரிப் ஆன பதற்றத்தில் ஒருவர் திறப்பது கடைசிப் பக்கங்களை என்று ஆரம்பத்தில் சொன்னேனே. 'மோட்டார் கேபிளைக் கழற்று' என்று எழுதுகிற அதே வரியில் 'ஐந்து நிமிடம் கழித்து, அளந்துவிட்டு' என்று எழுத எவ்வளவு மை செலவாகும்?

சிலர் கேட்பார்கள்: கையேடு எல்லா ஊருக்கும் எழுதுவது, உங்கள் பால் மில்லை அவர்களுக்குத் தெரியுமா என்று. தெரிய வேண்டாம். லோடு என்னவாக இருந்தாலும் மாறாத கேள்விகள் உண்டு. எப்போது விழுந்தது? மோட்டார் கேபிளைக் கழற்றிவிட்டு டிரைவை மட்டும் ஓட்டினால் விழுகிறதா? கழற்றிய பிறகும் ஓவர் கரண்டோ எர்த் ஃபால்ட்டோ வந்தால் கோளாறு பெட்டிக்குள். வராவிட்டால் அநேகமாக வெளியே. அரை மணி நேர வேலை. (சில டிரைவ்கள் மோட்டார் இல்லாததைக் கண்டுபிடித்து வேறொரு அலாரம் போடும்; அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.) இந்தச் சோதனையைச் செய்யாமல் டிரைவை மாற்றுவது சாதாரணமாக நடக்கிறது. சின்ன யூனிட்காரருக்கு ஒரு டிரைவின் விலை என்பது ஒரு மாத லாபத்தைவிட அதிகமாகவே இருக்கலாம்.

டாங் டெஸ்டரும் மெகரும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற எலக்ட்ரீஷியன்களின் பேச்சில் இந்தக் கேள்விகள் ஏற்கெனவே இருக்கின்றன. 'மழ பேஞ்சா மட்டும்', 'லீவு விட்டு வந்தா', 'மில்லு முக்கும்போது', 'லைட்டு மினுக்கினா கூடவே'. ஒவ்வொன்றிலும் காலமும் நிலைமையும் சேர்ந்தே வருகிறது. கையேட்டுத் தமிழாக்கம் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் அந்த அட்டவணையை அப்படியே தமிழாக்கினால் 'மிகை மின்னோட்டம்: சுமையைச் சரிபார்க்கவும்' என்று வரும், யாருக்கும் பயன்படாது. எர்த் ஃபால்ட் பக்கத்தை என்னிடம் கொடுத்தால் இப்படித்தான் எழுதுவேன்:

"ரீசெட் அடிக்காதே. முதலில் 0404-லிருந்து 0408 வரை உள்ள எண்களைச் சாக்பீஸால் பேனல் கதவில் எழுது. நேற்று மழையா, லீவா, தரை கழுவினார்களா என்று ஆபரேட்டரைக் கேட்டு அதையும் எழுது. மெயினை அணை. ஐந்து நிமிடம் பொறு, டி.சி. முனைகளில் அளந்து பார். மோட்டார் கேபிள் மூன்றையும் டிரைவிலிருந்து கழற்று. கேபிளும் மோட்டாரும் சேர்த்து மெகர் போடு. 5 மெகா ஓமுக்குக் கீழே என்றால் மோட்டாரடியிலும் கழற்றித் தனித்தனியாகப் போடு. டெர்மினல் பாக்ஸ் மூடியைத் திறந்து உள்ளே விரலால் தடவிப் பார். வெள்ளையாக ஒட்டினால் துடை, உலர வை, கிளாண்ட் போடு, மறுபடி அளந்து எழுது."